சொல்லிக்கொடுக்கும்போது கிடைக்கும் பாதி

(மரக்காணம் கடற்கரை ஊர்களின் கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்க்கும் ஒரு மாணவர் என்ன கற்றுக்கொள்கிறார்? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள், பத்திரிகைகள் கேட்கின்றன. கேட்க வேண்டியதுதான். ஆனால் தெருவிளக்குக்குக் கீழே பாய் விரித்து, இருபது பிள்ளைகளை உட்காரவைத்து, தொண்டை கட்டும்வரை பேசிய அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் என்ன கற்றாள் என்று நாம் கேட்டோமா? அவள் படிக்கும் கல்லூரி கேட்டதா? அவள் வீட்டில்தான் கேட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்க மரக்காணத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி, இதோ பக்கத்தில் இருக்கும் முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சென்னையில் ஒரு குளிரூட்டிய அரங்கில் தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. மரக்காணம் ஒன்றியத்தில், கடலோரத்துக் குப்பம் ஒன்றில் தொடங்கினார்கள். அந்தப் பெருமை உங்களுடையது.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அது மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றரை ஆண்டுக்கும் மேல்! நடுவில் நிவர் புயல் வேறு வந்து நம் கரையோரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ஆன்லைன் வகுப்பு என்றார்கள். உப்பளத்துக்கு விடியும் முன்னே போகும் வீட்டில் ஒரே ஒரு போன். அது அப்பாவின் சட்டைப்பைக்குள் அளத்துக்குப் போய்விடும். பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்? ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை, வகுப்பறையில் ஒழுங்காக ஒரு மாதம்கூட உட்காராமலே இரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. அ, ஆ தெரியாமல் இரண்டாம் வகுப்பு.

அப்போது கூப்பிட்டது யாரை? உங்களைத்தான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, பட்டம் முடித்திருந்தால் ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தமிழகம் முழுவதும் சுமார் 2 லட்சம் பேர் வகுப்பு எடுத்தார்கள். அதில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

பலன் இருந்ததா? இருந்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பெருந்தொற்றுக்கு முன்பே அவர்களிடம் கணக்கு இருந்ததால் ஒப்பிட முடிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது என்று கண்டார்கள். திரும்பி வந்ததில் ஏறக்குறைய கால்பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்திருந்தார்கள். மீட்டதிலும் அவர்கள்தான் முந்தினார்கள். தங்கைகளே, அந்தக் கால்பங்கு உங்கள் தொண்டையிலிருந்து வந்தது. அதை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது.

சரி. பிள்ளைகளின் கணக்கு இது. உங்கள் கணக்கு?

நம் இலக்கணக்காரர் ஒருவர் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவைத்திருக்கிறார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். எழுத்துக்கும் சொல்லுக்கும் விதி சொல்ல வந்தவர், அதற்கு முன்னால் பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறார். அங்கே ஒரு பங்கு பிரிக்கிறார் பாருங்கள். ஆசிரியர் சொன்னதை ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டாலும் மாணவனுக்கு வருவது கால்பங்கு புலமைதான். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால்பங்கு. மீதி அரைப்பங்கு? அது பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்கிறார்.

அரைப்பங்கு! நினைத்துப் பாருங்கள். பதினேழு வருடம் பள்ளியிலும் கல்லூரியிலும் உட்கார்ந்து, நல்ல ஆசிரியர், நல்ல நண்பர்கள் எல்லாம் அமைந்தாலும் பாதிதான் தேறும். மற்றப் பாதியை வாங்க இன்னொரு உயிருக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறக்க வேண்டும். பிள்ளைக்கு நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் நீங்கள் போகிறீர்கள். பவணந்தியைக் கேட்டால், உன் படிப்பை முடிக்கப் போகிறாய் என்பார்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரே சாட்சி. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்த வருடம் அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. ஆனால் புத்தகம் கிடைத்தால் பாடம் சொல்கிறேன் என்று துணிந்து வாங்கிக்கொண்டு வந்தார். சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகுதான் தமக்கு எங்கெங்கே புரியவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அது சமணக் காப்பியம். சமணக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர் வீடுகளைத் தேடிப் போய்க் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. தமக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லிக்கொடுத்துக்கொண்டு கல்லூரியில் காலம் தள்ளியிருக்கலாம் அவர். தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். அங்கே தொடங்கியது எல்லாம்.

அவர் பெரியவர், நாம் எங்கே என்று சொல்லாதீர்கள். நம் தெருவுக்கே வருகிறேன்.

மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குடியிருப்பு. பெயர் வேண்டாம். கோயில் மண்டபத்தில் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் பெண். கணிதம்! தொகையீடும் வகையீடும் விரல்நுனியில் வைத்திருக்கிறாள். அம்மா உப்பளத்தில் வேலை. நான் போன அன்று அந்த அம்மா அளத்திலிருந்து திரும்பி, உப்புத்தண்ணீரில் வெடித்திருந்த காலை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து மகள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரும்பலகையில் கழித்தல் கணக்கு. 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிலேட்டில் 35 என்று எழுதிக்கொண்டு வந்தான். தப்பு என்று சொல்லி, அவள் மறுபடி போட்டுக் காட்டினாள். அடுத்த கணக்கு, 64இலிருந்து 38. அவன் 34 என்று எழுதிக்கொண்டு வந்தான். மறுபடி தப்பு. மறுபடி போட்டுக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். அடுத்ததிலும் தப்பு. கவனமே இல்லை இவனுக்கு என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

கவனமே இல்லையா? அந்த மூன்று விடைகளையும் பாருங்கள் என்றேன். கவனமில்லாத பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் தப்புச் செய்யும். இவன் மூன்று தடவையும் ஒரே விதமாகத் தப்புச் செய்திருக்கிறான். எப்படிப் போட்டான் என்று அவனையே கேளம்மா என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். “தம்பி, இதை எப்படிப் போட்டே? அக்காவுக்குச் சொல்லிக்கொடு.”

பையன் நிமிர்ந்தான். “பெருசுலேருந்துதானே அக்கா சின்னதைக் கழிக்கணும்? ஏழு பெருசு, ரெண்டு சின்னது. ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சு.”

பாருங்கள்! அவன் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, அதை எள்ளளவும் மீறாமல் கணக்குப் போட்டிருக்கிறான். அந்த விதியை அவனுக்குச் சொன்னது யார்? நாம்தான். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்று ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் சொல்கிறோம். அவன் அதை ஒற்றை இலக்கத்துக்கும் பொருத்திவிட்டான். கவனம் இல்லாமலா இது வந்தது? ரொம்பக் கவனத்தால் வந்தது.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பக்கத்து எண்ணிடம் ஒன்று கடன் வாங்க வேண்டும் என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தாள். அவன் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி: “ஒண்ணுதானே அக்கா வாங்குனோம்? எப்படி அது பத்தாச்சு?”

ஒன்றுதானே வாங்கினோம், எப்படிப் பத்தானது? இந்தச் சபையில் எத்தனை பேர் இதற்குப் பதில் சொல்வோம்? இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் பெண்ணிடம் பதில் இல்லை. அப்படித்தான் போடணும் என்பது நாக்கு நுனிவரை வந்திருக்கும். அவள் சொல்லவில்லை. எழுந்து போய்த் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டு வந்தாள். பத்துப் பத்தாகக் கட்டினாள். ஐந்து கட்டு, தனியாக இரண்டு குச்சி. இதிலிருந்து இருபத்தேழை எனக்கு எடுத்துக் கொடு என்றாள். பையன் இரண்டு கட்டைக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும். கையில் இரண்டு குச்சிதான். அவன் இவளைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான், பிறகு ஒரு கட்டின் நூலை அவிழ்த்தான். அவிழ்த்த கட்டிலிருந்து பத்துக் குச்சி தரையில் விழுந்தது. “ஓ!” என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒன்று பையன். இன்னொன்று அவள்.

கடன் வாங்குவதென்றால் கட்டை அவிழ்ப்பது. இடமதிப்பு என்ற சொல்லைப் பரீட்சைக்குப் பரீட்சை எழுதி மதிப்பெண் வாங்கியவளுக்கு, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது அன்று அந்த மண்டபத்தில்தான் கைக்கு வந்தது. பவணந்தி சொன்ன அரைப்பங்கு இதுதான், தங்கைகளே. வேறெங்கும் இல்லை.

கணக்கில் மட்டுமா இது? தமிழைப் பாருங்கள். நமக்கெல்லாம் தமிழ் வாசிக்கத் தெரியும். எப்படி வாசிக்கிறோம் என்று தெரியுமா? “கெ” என்ற எழுத்தை எழுதிக்காட்டுங்கள். முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க. கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது க் என்ற ஒலி, பிறகுதான் எ. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலி வலமிருந்து இடமாக வருகிறது. “கொ” இன்னும் கஷ்டம். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் க மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். “கை” என்றால் முன்னால் நிற்கிற குறியை இன்னொரு விதமாகப் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தை “கொக்கு” என்ற சொல்லில் தடுக்கி நிற்கிறதென்றால், மந்தபுத்தி என்று சொல்லிவிடலாமா? அது எத்தனை வேலையை ஒரு நொடியில் செய்ய வேண்டியிருக்கிறது!

கழுவேலி ஏரிக்கரையில் வளர்ந்த குழந்தை அது. கொக்கையும் நாரையையும் தூரத்தில் பறக்கும்போதே பிரித்துச் சொல்லும். தாளில் உள்ள கொக்குதான் அதற்குப் புதிது. இதைச் சொல்லிக்கொடுக்கப் போகாமல் இருந்திருந்தால், நம் தாய்மொழி எழுத்தின் நடை நமக்கே தெரியாமல் போயிருக்கும். தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கும் ஒரு தம்பி என்னிடம் சொன்னான்: “ஐயா, ஒண்ணாப்புப் பிள்ளைக்குக் கொம்பு சொல்லிக்கொடுத்த பிறகுதான் எழுத்திலக்கணத்தை உட்கார்ந்து படிக்கணும்னு தோணுச்சு.” பேராசிரியப் பெருமக்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாணவனை இலக்கண நூலைத் திறக்கவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி உப்பளத்துக்கு வருகிறேன். உப்பு விளையும் மாதங்களில் இங்கே பிள்ளைகள் எதையெல்லாம் பார்த்து வளர்கிறார்கள்! பாத்தி கட்டுவது, மிதித்துக் கெட்டிப்படுத்துவது, தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுவது, உப்பை வாரிக் கரையில் குவிப்பது, மூட்டை பிடிப்பது, கூலிக் கணக்கு முடிப்பது. இத்தனையும் பார்த்த பையனுக்கு 50 பெருக்கல் 7 என்று எழுதிக் கொடுத்தால் விழிப்பான். மூட்டைக்கு ஐம்பது கிலோ, ஏழு மூட்டை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். “ரெண்டு மூட்டை நூறு, நாலு எரநூறு, ஆறு முந்நூறு, இன்னொண்ணு அம்பது, முந்நூத்தம்பது” என்று கடகடவென்று சொல்வான்.

இது மரக்காணத்துப் பிள்ளைக்கு மட்டும் வாய்த்த திறமை என்று நினைக்க வேண்டாம். பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு துறைமுக நகரம். அங்கே தெருவில் தேங்காய் விற்கும் பிள்ளைகளிடம் தெரெசின்யா கராஹரும் உடன் ஆய்வாளர்களும் வாங்குபவர்களைப் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 1985இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு தேங்காய் 35 குரூசெய்ரோ, பத்துத் தேங்காய் எவ்வளவு? பையன் மூன்று தேங்காய்க்கு 105 என்று பிடித்து, மூன்று மூன்றாகக் கூட்டி, கடைசியில் ஒன்றைச் சேர்த்து 350 என்றான். சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே பிள்ளைகளிடம் அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு நாற்பதுகூடத் தேறவில்லை. நம் உப்பளத்துப் பையனும் அந்தத் தேங்காய்ப் பையனும் பார்த்துக்கொண்டால், பாஷை தெரியாவிட்டாலும் ஒருவர் கணக்கை ஒருவர் புரிந்துகொள்வார்கள்.

இதனால் சொல்லிக்கொடுக்கும் மாணவருக்குக் கிடைப்பது என்ன? பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை என்ற அறிவு. இதை எந்தப் பயிற்சிக் கையேடும் உள்ளே இறக்காது. ஆறாவது மூட்டையில் பையன் மூச்சை இழுக்கும்போது எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் இறங்கும். அவன் இரண்டிரண்டாகப் போனது பெருக்கல் வாய்ப்பாட்டின் வேர் என்று கண்டுகொண்டு, அங்கிருந்து பலகைக்கு அழைத்து வருவது சொல்லிக்கொடுப்பவரின் வேலை. ஆனால் ஒன்று. மூட்டைக் கணக்கிலேயே அவனை நிறுத்திவிடக் கூடாது. அளத்துப் பிள்ளைக்கு அளத்துக் கணக்குப் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய மனிதர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம். அவன் வகையீடு வரை போக வேண்டும், அதற்கு மேலும் போக வேண்டும்.

இன்னொன்று பொறுமை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு நொடி! அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார், அல்லது தாமே சொல்லிவிடுகிறார். மூன்று நொடி காத்திருந்தாலே பிள்ளைகளின் பதில் நீண்டது, வாய் திறக்காதவர்கள் திறந்தார்கள். மூன்று நொடி என்ன பெரிய நேரமா? இருபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாருங்கள், அது ஒரு யுகம்.

பயிற்சி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பி.எட். படிப்பில் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். லெசன் பிளான் எழுதிக்கொண்டு போகிறீர்கள். ஊக்குவித்தல், அறிமுகம், வளர்ச்சி, மதிப்பீடு என்று கட்டம் கட்டி, வண்ணப் பேனாவால் கோடு போட்டு எழுதுகிறீர்கள். நல்லது, எழுதுங்கள். ஆனால் அந்தத் தாளில் பிள்ளையின் தப்பான விடைக்கு ஒரு கட்டம் இருக்கிறதா? மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. அப்போது குப்பத்து வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா? மழைக்காலத்தில் அளத்தில் வேலை நின்றுபோகும்போது பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்பதற்கு? தங்கச்சிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வரும் பெண்பிள்ளையை என்ன செய்வது என்று எந்த லெசன் பிளானில் எழுதியிருக்கிறது? பாப்பாவையும் பாயில் உட்காரவைத்து, கையில் நாலு கிளிஞ்சலைக் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள் ஒரு தன்னார்வலர். அவளுக்கு பி.எட். கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புத்தான்.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. பொறுத்துக் கேட்க வேண்டும்.

மாணவரைக் கொண்டு மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த பிள்ளை, சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பான். சென்னையில் எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதி ஒன்று இருந்தது. 1789 முதல் அதைக் கவனித்தவர் ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் நம் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். பையன் செய்து காட்டினான். பெல் இங்கிலாந்துக்குத் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாக எழுதினார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது உலகம் சுற்றியது. நம் மணல் அங்கே போய்ச் சேர்ந்தது!

பெருமைப்படலாம். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அந்த முறையைச் சிலர் விரும்பியதற்குக் காரணம் வேறு. ஒரே ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்துவிடலாம். செலவு மிச்சம். சின்னச் சட்டாம்பிள்ளைகள் தங்களுக்கு மனப்பாடமானதை மற்றவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். கேள்வி கேட்க இடமில்லை, கட்டை அவிழ்க்க நேரமில்லை. எந்திரம்போல ஓடிய அந்த முறை கடைசியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தன்னார்வலர் இருக்கிறார் என்பதற்காக ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். மாதம் 1,000 ரூபாய்க்கு ஒரு பெண்ணின் மாலைப்பொழுதை வாங்கிக்கொண்டு, பகலில் வகுப்பறையை ஆளில்லாமல் விட்டால், அந்தப் பெண்ணுக்கும் துரோகம், பிள்ளைக்கும் துரோகம். சொல்லிக்கொடுப்பதால் மாணவருக்கு அரைப்பங்கு புலமை வருகிறது என்றால், அந்தப் புலமைக்கு மேல்படிப்பில் மதிப்பு வேண்டும், வேலையில் வழி வேண்டும். நல்ல ஆசிரியராக வரக்கூடியவர்கள் இந்தத் தெருவிளக்குகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பத்தில் படிப்பு வாசனை கண்ட முதல் தலைமுறை. பிள்ளையின் வீட்டு அடுப்பு தெரிந்தவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சிக் கல்லூரியில் சேர்த்துவிட வேண்டியது ஆள்பவர்களின் கடமை. நம் கடமையும்கூட.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்போகிறேன். மாணவச் செல்வங்களே, ஆளுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். கோடு போட்ட சாதாரண நோட்டுப் போதும். ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும், அன்று ஒரு பிள்ளை சொன்ன தப்பான விடை ஒன்றை அதில் எழுதுங்கள். திருத்தாமல், பிள்ளை சொன்னது சொன்னபடி. அதற்குக் கீழே, ஏன் அப்படிச் சொன்னது என்று அந்தப் பிள்ளையைக் கேட்டு, அதன் பேச்சிலேயே எழுதுங்கள். காரணம் தெரியவில்லையா? இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மறுநாள் மறுபடி கேளுங்கள். பிள்ளையின் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

பேராசிரியப் பெருமக்களே, அந்த நோட்டுகளை நீங்கள் வாங்கிப் படிக்க வேண்டும். உளவியல் தாளுக்கும் கணிதம் கற்பித்தல் தாளுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் உதாரணங்களைத்தான் இதுவரை சொல்லிவந்திருக்கிறோம். இனி மரக்காணத்துப் பிள்ளைகளின் உதாரணங்களைச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை மாணவர்களை உட்காரவைத்து, நோட்டிலிருந்து ஒரு தப்பை எடுத்துப் பலகையில் எழுதி, இந்தப் பிள்ளை என்ன நினைத்தது என்று விவாதிக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர்களே, அந்த விவாதத்துக்கு உங்கள் பள்ளி ஆசிரியர்களையும் அனுப்பிவையுங்கள். வாசலில் நிற்கும் தாய்மார்களே, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை மார்க் என்று கேட்பதோடு, இன்றைக்கு அக்காவுக்கு நீ என்ன சொல்லிக்கொடுத்தாய் என்றும் கேளுங்கள்.

நோட்டு வாங்கக் காசில்லாத தன்னார்வலர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். ஒரு கட்டு வாங்கி வந்திருக்கிறேன்.